மெனிபோல்ட் காற்றுக் கசிவு: ஸ்பிரேயா, புகையா?

நுவரெலியாக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் குலுங்கி, சூடேறியதும் அடங்கினால் இன்டேக் மெனிபோல்ட் (எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் குழாய்த் தொகுதி) இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டையும் சந்தேகிக்கலாம். குளிரில் சுருங்குவது சூட்டில் விரிந்து கசிவை மறைத்துவிடும். ஆகவே வண்டியை முதல்நாளே கராஜில் விட்டு, ஆறிய எஞ்சினிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து மெக்கானிக் பாஸ்மார் முதலில் எடுப்பது கார்ப் கிளீனர் ஸ்பிரே. ஓடும் எஞ்சினின் பொருத்துகளில் சிறிது சிறிதாக அடித்தால், கசியும் இடத்தில் ஐட்லிங் மாறும். மலிவு, சில நிமிட வேலை. ஸ்கேனரை மாட்டி, ஷோர்ட் டேர்ம் பியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளை உடனுக்குடன் கூட்டிக் குறைக்கும் அளவு) சட்டென இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகம். ஆனால் மெனிபோல்டின் அடிப்பக்கத்துக்கு ஸ்பிரே எட்டாது. சூடான எக்ஸோஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

புகைச் சோதனைக்கு எஞ்சின் ஓடவே வேண்டாம். இன்டேக் வாயை அடைத்து, 1 பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டால் பிசிவி குழாய் (எஞ்சினுள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது), பிரேக் பூஸ்டர் குழாய் வெடிப்புகூடக் கண்ணுக்குத் தெரியும். அக்குவா, பிரியஸ் வைத்திருப்போருக்கு என் தேர்வு இதுதான்: ஹைபிரிட் எஞ்சின் நினைத்த நேரத்தில் அணையும், எஞ்சினைத் தொடர்ந்து ஓடவைக்கும் மெயின்டனன்ஸ் மோடில் போடாமல் ஸ்பிரே அடிப்பது வீண்வேலை. மெஷின் எல்லாச் சின்னக் கராஜிலும் இருக்காது, அதுதான் தொல்லை.

மெனிபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வெக்கியூம் கேஜை நம்புவோருக்கு ஒன்று: அதன் அளவு, ஏறக்குறைய 1000 அடி உயரத்துக்கு 1 அங்குலம் (பாதரச அளவில்) குறையும். கொழும்பில் 18 காட்டும் நல்ல எஞ்சின், 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் 12 தான் காட்டும். அதைப் பார்த்து மெனிபோல்டைக் கழற்ற விடாதீர்கள்.