அரை டன் ஏசியும் உப்பனாற்றுப் படகும்

கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்ட் ஒன்றில் 27 வருடம் அம்மோனியா கம்ப்ரசரோடு காலம் தள்ளியவன் நான். அதனால் குளிர்சாதனம் விற்க வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். படகு என்னுடையது அல்ல, மைத்துனருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரி சொல்தா. 31 அடியில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி உப்பனாற்றில் கட்டிப் போட்டார். சித்திரை வெயிலில் அவர் மனைவி ஒரே ஒரு இரவு அதில் தங்கினார். காலையில் கரையேறும்போது, "இது படகா, இட்லிக் கொப்பரையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மாப்பிள்ளை, பணம் என்னுடையது, மூளை உங்களுடையது. ஏசி போட்டுக் கொடுங்கள்" என்றார் மைத்துனர்.

எல்லோரும் கேட்பது இதுதான்: வீட்டு ஸ்பிளிட் ஏசி இருக்கும்போது மூன்றரை லட்சத்துக்கு எதற்குப் படகு ஏசி? முதுநகரில் கடலை ஒட்டிய வீடுகளின் மாடியைப் பாருங்கள். ஏசியின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகள் உப்புப் பூத்து உதிர்ந்து கிடக்கும். மேலும் அந்தப் பெட்டி அறையின் வெப்பத்தை 40 டிகிரிக் காற்றில் கொட்ட வேண்டும். படகு ஏசியோ அதைக் கடல்நீரில் கொட்டுகிறது. கத்தரியிலும் நம் கடல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கம்ப்ரசருக்கு வேலை குறைவு. ஐஸ் பிளாண்டிலும், வெப்பத்தை வெளியே தள்ளும் கன்டென்சரைத் தண்ணீரால்தான் குளிரவைத்தோம், ஆனால் எல்லாம் இரும்புக் குழாய். அம்மோனியா செம்பைத் தின்றுவிடும். இதில் செம்பும் நிக்கலும் கலந்த சுருள், உப்புநீரைத் தாங்குகிறது. கழற்றிப் பார்த்தபோது வேலைப்பாடு பிடித்துப்போனது.

விற்றவர் 16,000 பி.டி.யு. (குளிரவைக்கும் திறனின் அளவு) வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் 7,000 போதும் என்றேன். 12,000 பி.டி.யு. ஒரு டன் என்றால், இது அரை டன்னுக்குச் சற்று மேல். படகு முழுவதையும் எதற்குக் குளிர்விக்க வேண்டும்? படுப்பது அணியத்து அறையில், அதாவது படகின் முன்பக்கத்தில். அதன் வாசலில் தடித்த திரை ஒன்று, மேல்தட்டில் வெள்ளை கான்வாஸ் பந்தல் ஒன்று. பந்தல் கட்டிய அன்றே ஏசி இல்லாமல் உள்ளே 39 டிகிரி 35 ஆனது. தேவைக்குப் பெரிய ஏசி சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், காற்றின் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தை சில்லென்று நனைந்து கிடக்கும்.

வாங்கியது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) ஓடும் வகை. கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கித் தேவைக்கேற்ப வேகம் மாறும். 230 வோல்ட் சாதாரண கம்ப்ரசர் தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், அதற்காகவே பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பழைய இயந்திரங்களைத் தொடாதீர்கள், நம் ஊர் மின்சாரத்துக்குப் பொருந்தாது.

என் கணக்கு இது. முதல் ஒரு மணி நேரம், கடல்நீரை ஏற்றும் பம்பையும் சேர்த்து, 24 ஆம்பியர். பிறகு 12 அளவில் நிற்கிறது. எட்டு மணி நேர இரவுக்கு 108 ஆம்பியர் மணி. பாட்டரி 200 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஈய அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், ஆகையால் அது சரிவராது. 330 வாட் சூரியத் தகடு இரண்டு, நல்ல வெயிலில் பகலுக்கு 90 திருப்பித் தருகின்றன. அதில் 25 விளக்கு, குளிர்ப்பெட்டி, மைத்துனரின் காபி இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. ஆக இரண்டு இரவு தாங்கும், மூன்றாம் இரவு ஓட்டினால் பாட்டரி அடிமட்டத்தைத் தொட்டுவிடும், ஆகவே கரை மின்சாரம்தான். பெட்டி ஜெனரேட்டரை வைத்து இரவு முழுக்க ஓட்டலாமே என்று பக்கத்து விசைப்படகுக்காரர் சொன்னார். தூங்குகிற அறைக்குள் அந்தப் புகை நுழைந்தால் விடிந்து எழ ஆள் இருக்காது என்றேன்.

இனி குறைகள். இயந்திரத்தில் இல்லை, பொருத்தியவர்களிடம்தான். விற்பனை நிலையத்தின் பெயரை எழுதவில்லை, பாக்கிப் பணம் குறித்த பேச்சு இன்னும் முடியவில்லை. பம்பை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வகைப் பம்பு தானாக நீரை உறிஞ்சி ஏற்றாது, கீழே இருந்தால்தான் வேலை செய்யும். போதாததற்குக் குழாய் நடுவில் ஒட்டகத்தின் முதுகு போல ஏறி இறங்கியது, காற்று அங்கே சிக்கிக்கொண்டது. முதல் இரவு அரை மணியில் உயர் அழுத்தம் என்று காட்டி நின்றுவிட்டது. மறுநாள் நானே பம்பை இறக்கி, குழாயை ஒரே ஏற்றமாக இழுத்தேன். மின்கம்பியும் 6 சதுர மில்லிமீட்டர்தான் போட்டிருந்தார்கள். வெள்ளீயம் பூசிய 16 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினேன்.

அதன் பிறகு எட்டு மாதத்தில் இரண்டு முறைதான் நின்றது. ஒருமுறை வடிகட்டியில் உப்பனாற்றுச் சேறு. இன்னொரு முறை புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தபோது, சொறி, அதாவது ஜெல்லிமீன், கூட்டமாக வந்து அடைத்துக்கொண்டது. கையை விட்டு எடுத்தவனுக்கு இரண்டு நாள் அரிப்பு, அது நான்தான். இப்போது காலையில் பல் துலக்குவதற்கு முன் வடிகட்டி, மாதம் ஒருமுறை கடல்நீர் ஏறும் துளையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு (பார்னக்கிள்) சுரண்டல். வெளியே விழும் தண்ணீர் விரல் கனத்துக்கு இருக்கிறதா என்று ஒரு கண்ணும் வைத்திருக்கிறேன்.

மைத்துனரின் மனைவி வைகாசியில் மூன்று இரவு தங்கினார். 26 டிகிரியில் போர்வை கேட்டார். மூன்றாம் இரவுக்காகப் படகைத் துறைக்குத் திருப்ப வேண்டியிருந்ததில் மைத்துனருக்கு வருத்தம், இன்னொரு தகடு போடச் சொல்கிறார். பாய்மரத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலே தகட்டின் மின்சாரம் சரிந்துவிடுகிறது. நிழல் விழாத இடத்தைத் தேடி நானும் ஒரு வாரமாகப் பின்பக்க அமரத்துக்கும் அணியத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.