உதகை மழையில் ஓர் அலுவலகப் பை: ஆர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக்

மலை ஊரில் சைக்கிளில் அலுவலகம் செல்பவர், எடை முதுகில் ஏறாமலும் பொருள்கள் நனையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். லவ்டேலிலிருந்து பெர்ன்ஹில் வழியாக உதகை சேரிங்கிராஸ் பக்கத்திலுள்ள அலுவலகத்துக்குச் செல்லும் நான் எடுத்துச் செல்பவை எளியவைதாம்: 14 அங்குல மடிக்கணினி, அதன் சார்ஜர், ஓரிரு கோப்புகள், மதிய உணவு, மாற்றுச் சட்டை, ஸ்வெட்டர். இவற்றை ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் உலர்வாகக் கொண்டுசேர்க்க ஜெர்மனியின் ஆர்ட்லீப் நிறுவனத்தின் பேக்-ரோலர் கிளாசிக் என்னும் பக்கப்பையைப் பயன்படுத்துகிறேன். சைக்கிளின் பின்புறக் கேரியரில், சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் பை இது.

சமவெளியில் முதுகுப்பையே பலருக்குப் போதும். இங்கே அது போதாததற்குக் காரணம் ஏற்றமும் குளிரும் சேர்ந்து வருவதுதான். ஏற்றத்தில் மிதிக்கும்போது, பை படிந்திருக்கும் இடத்தில் காற்றுப் புகாமல் சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்துவிடுகிறது. மேடு முடிந்து இறக்கம் தொடங்கியதும் 2,200 மீட்டர் உயரத்துக் குளிர்காற்று அந்த ஈரத்தின் மேல் அடிக்கிறது. மார்கழி, தை மாதங்களின் உறைபனிக் காலைகளில் இது உடம்புக்கே கேடு. எடை தோளிலிருந்து இறங்கிக் கேரியருக்குப் போனவுடன் முதுகு காய்ந்திருப்பதோடு, வளைவுகளில் உடலைச் சாய்த்துத் திருப்புவதும் எளிதாகிறது.

ஆனால் பக்கப்பை என்ற பெயரில் விற்கப்படும் எல்லாம் மழைக்கு ஆகாது. துணியால் தைத்து ஜிப் வைத்து, மேலே ஒரு மழையுறை கொடுத்து விற்கும் பைகளை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். மழையுறை மேலிருந்து விழும் நீரைத்தான் தடுக்கும். பின்சக்கரம் சாலையிலிருந்து வாரியடிக்கும் சேற்றுநீரோ கீழிருந்தும் உட்புறமிருந்தும் வருகிறது. தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் நீருக்கு வாசல். சமவெளியிலுள்ள நண்பர்கள் கோப்புகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் போட்டுவிடலாமே என்பார்கள். பிளாஸ்டிக் பைகளுக்குப் பல ஆண்டுகளாகத் தடை இருக்கும் நீலகிரி மாவட்டத்தில் அந்த வழக்கத்துக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஆகவே பையே நீர் புகாததாக இருந்தாக வேண்டும்.

இந்த நிறுவனம் பிறந்த கதை இந்தத் தேவையோடு நேரடியாகத் தொடர்புடையது. ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்பவர் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் பயணம் செய்தபோது, எதிரே போன லாரிகளின் சரக்கைத் தார்ப்பாய் நனையாமல் காப்பதைக் கண்டு, அதே துணியில் சைக்கிள் பை செய்ய முனைந்தார். 1982இல் நிறுவனம் தொடங்கியது. கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் லாரிகளைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்த யோசனையின் நியாயம் விளக்காமலே புரியும். பாலியஸ்டர் துணியின் மேல் பி.வி.சி. பூசப்பட்ட பொருளால் ஆன இந்தப் பையின் மூட்டுகள் தைக்கப்படாமல், உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உருக்கி ஒட்டப்பட்டுள்ளன. தையல் இல்லாததால் நீர் நுழையத் துளையும் இல்லை.

பையின் வாயிலும் ஜிப் கிடையாது. விளிம்புகளை ஒன்றாகச் சேர்த்து மூன்று நான்கு சுற்றுச் சுருட்டிப் பட்டையை மாட்டினால் மூடியாகிவிட்டது. சுற்றுகளைக் குறைக்கக் கூடாது. பையை வாய்வரை திணித்துவிட்டு ஒரே சுற்றோடு பட்டையை இழுத்துப் பூட்டினால் இத்தனை நல்ல பொருளும் பயனற்றுப் போகும். ஐபி64 என்ற இதன் தரக்குறியீடு தூசு புகாது, எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள்படும். நீருக்குள் முழுகினால் தாங்கும் என்று பொருள்படாது. சாலையில் நமக்கு முன்னதே வேண்டும், அதை இந்தப் பை நிறைவாகச் செய்கிறது. காலை முதல் விடாது பெய்த மழையில் வந்து, ரெயின்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அலுவலக வராந்தாவில் நின்று பையைத் திறந்தபோதும் உள்ளே காகிதத்தின் ஓரம்கூடத் துவண்டிருக்கவில்லை.

இத்தனை இறுக்கமாக மூடும் பைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி என்று இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து நீர் வராத இடத்திலிருந்து ஈரம் வெளியேயும் போகாது. காலையில் சுடச்சுட அடைத்த டிபன் பாக்ஸை உள்ளே வைத்து வாயைச் சுருட்டிவிட்டால், அதிலிருந்து கசியும் ஆவி குளிர்ந்த பைச்சுவரிலும் மடிக்கணினியின் உலோக மூடியிலும் பட்டு நீர்த்துளிகளாகப் படியும். வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும் உதகைக் காலையில் இது விரைவாகவே நடக்கும். மழை உள்ளே வந்துவிட்டது என்று பையைக் குறை சொல்லத் தோன்றும். உண்மையில் அது சாம்பாரின் ஆவி. சோற்றை ஆறவைத்து அடைப்பது நல்லது. சூடாகத்தான் வேண்டுமென்றால் ஆவி கசியாத பிளாஸ்கில் வைத்து எதிர்ப்பக்கப் பையில் போட வேண்டும். நனைந்த ரெயின்கோட்டையும் கையுறையையும் எக்காரணம் கொண்டும் மடிக்கணினி இருக்கும் பையில் வைக்கக் கூடாது. கேரியரின் மேல் ரப்பர் கயிற்றால் கட்டிவிடலாம். இரவில் பையைக் காலிசெய்து, வாயை விரித்து, கவிழ்க்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். தோல் செருப்பும் பெல்ட்டும் அலமாரியில் இருந்தபடியே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது.

கேரியரில் மாட்டும் அமைப்பு இந்தப் பையின் இரண்டாவது பெருமை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாலே மேலிரு கொக்கிகளும் திறந்துகொள்கின்றன. கேரியர்க் கம்பியில் வைத்துக் கைப்பிடியை விட்டதும் தாமே பூட்டிக்கொள்கின்றன. 16 மில்லிமீட்டர் கனம் வரையுள்ள கம்பியில் அவை பொருந்தும்; மெல்லிய கம்பிகளுக்கு உள்ளே செருகும் சிறு துண்டுகள் உடன் வருகின்றன. அவற்றைச் செருகாமல் விட்டால் பள்ளம் மேட்டில் கொக்கி கடகடவென ஆடிக் கம்பியைத் தேய்க்கும். கீழே உள்ள மூன்றாவது கொக்கி, பை சக்கரத்தை விட்டு வெளியே வீசாதபடி பிடிக்கிறது. அதன் இடத்தை நகர்த்திச் சரிசெய்யலாம் என்பதால், மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் பையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு பையின் கொள்ளளவு 20 லிட்டர். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் 14 அங்குல மடிக்கணினி நெட்டுக்குத்தாக அடிவரை இறங்குகிறது. ஃபூல்ஸ்கேப் அளவு அலுவலகக் கோப்பு அடியைத் தொடாமல் பாதியில் நிற்கிறது. அடியில் மாற்றுச் சட்டையை மடித்துப் போட்டு அதன் மேல் கோப்பை நிறுத்தினால் இரண்டுக்கும் இடம் சரியாகிவிடும். மடிக்கணினிக்கெனத் தனி மெத்தை இதில் இல்லை, ஆகவே பஞ்சு வைத்த உறை ஒன்று கட்டாயம் வேண்டும். சார்ஜர் போன்ற கனமான கட்டிப் பொருள் மடிக்கணினியின் திரைப்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பையை மாட்டுவதானால் இடப்பக்கம் மாட்டுவதே முறை: நம் சாலைகளில் வாகனங்கள் நம்மை வலப்பக்கமாகக் கடக்கின்றன, சங்கிலியும் கியரும் அதே பக்கம்தான் இருக்கின்றன. மெதுவாக ஏறும்போது சைக்கிள் இடப்பக்கம் இழுப்பது சிறிது தெரியும், ஓரிரு நாளில் கை பழகிவிடும். பையின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏற்றத்தில் இந்த ஒரு கிலோவுக்கு அஞ்சுகிறவர்கள் உண்டு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ இருக்கும்போது அது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான்.

சைக்கிளிலிருந்து கழற்றியபின் தோளில் மாட்ட நீண்ட பட்டை ஒன்று தரப்படுகிறது. கொக்கிகள் இடுப்பில் குத்தாமலிருக்க அந்தப் பக்கத்தை வெளியே திருப்பி மாட்ட வேண்டும். சவாரியின்போது இந்தப் பட்டை தொங்கிச் சக்கரத்தின் கம்பிகளில் சிக்கினால் இறக்கத்தில் ஆளையே கீழே தள்ளும். எனவே அதைப் பையின் மேலாகக் குறுக்கே இழுத்துப் பூட்டிவிட வேண்டும். டீக்கடையில் நிற்கும்போது பையைச் சைக்கிளிலேயே விட்டுப் போகாதீர்கள். ஒரு கையால் கழற்றிவிடலாம் என்ற வசதி திருடனுக்கும் பொருந்தும். உணவு வாசனைக்கு வரும் குரங்குகளுக்குப் பையைக் கழற்றவேண்டிய தேவைகூட இல்லை.

பையின் பக்கத்தில் பெரிய ஒளி எதிரொளிப்பான் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு அதன் மேல் பட்டால்தான் அது ஒளிரும். பனிமூட்டத்தில் பலர் முகப்பு விளக்கே போடாமல் வருகிறார்கள் என்பதால், கேரியரின் பின்முனையில் சிவப்பு மின்னும் விளக்கு ஒன்றைத் தனியே பொருத்தியே ஆக வேண்டும்.

விலை அதிகம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்கமும் சேர்ந்துகொள்ளும். உற்பத்தியாளர் 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறார். கொக்கி, திருகு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் மழையிலும் ஓட்டுபவருக்கு இது தகும் என்பது என் முடிவு. வெயில் நாள்களில் மட்டும் ஓட்டுபவர் இதற்குச் செலவிட வேண்டியதில்லை. வாய் சுருட்டும் சாதாரண நீர்புகாப் பை ஒன்றைக் கேரியரின் மேல் கட்டிக்கொண்டாலே போதும். இணையாக வாங்கியவர்கள் இரண்டாவது பையை மாலைக்கென வைத்துக்கொள்ளலாம்: நகராட்சி மார்க்கெட்டில் வாங்கும் காய்கறி அதில் தாராளமாக அடங்கும். அப்படி இருபுறமும் ஏற்றுவதற்கு முன், கேரியரில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பைப் படித்து, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். கல் பெயர்ந்த இறக்கங்களில் முதலில் தளர்வது அவைதாம்.