ஃபோர்செப்ஸா, சாமணமா, மொபைல் கடை ட்வீசரா?

களியக்காவிளை தாண்டினால் கேரளம். எங்கள் சின்ன ஹிஸ்டாலஜி (திசுப் பரிசோதனை) லேபுக்குச் சாமான் வாங்கத் திருவனந்தபுரத்தின் ‘சாலை’ பஜாருக்கும் போவேன், நாகர்கோவிலுக்கும் போவேன். கேட்லாக்கில் ஆர்டர் போட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் ஃபோர்செப்ஸ், அதாவது திசுவை எடுக்கும் இடுக்கி. நாள் முழுக்கக் கையில் இருப்பது அதுதான். மூன்று வகை பயன்படுத்திப் பார்த்தேன். தட்டாரின் சாமணம் கைக்கு நன்றாக அடங்கும். ஆனால் எனக்குக் கிடைத்தது வெறும் இரும்பு. எலும்பை இளக்கும் ஆசிட் பட்டதும் துரு ஏறிவிட்டது. சர்ஜிக்கல் கடை ஃபோர்செப்ஸின் நுனியில் பல் வெட்டியிருக்கும். வழுக்காது, ஆனால் பல்லிடுக்கில் திசு மாட்டிக்கொள்ளும். ஒருமுறை பித்தப்பைத் துணுக்கு ஒன்று அடுத்த நோயாளியின் இரைப்பை பயாப்ஸி பிளாக்கில் (திசுவைப் புதைத்த மெழுகுக் கட்டியில்) போய்விட்டது, என் கையால். ஸ்லைடைப் பார்த்த டாக்டர்தான் கண்டுபிடித்தார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மொபைல் ரிப்பேர் கடை ட்வீசருக்கு உள்பக்கம் வழவழப்பு, துடைத்தால் சுத்தம். சின்ன பயாப்ஸிக்கு இப்போது அதுதான், ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் துடைத்துவிட்டு. பெரிய துண்டுக்குப் பல் வைத்தது. கறுப்புப் பூச்சு போட்ட ட்வீசரை மட்டும் வாங்க வேண்டாம். சூடான மெழுகிலும் மெழுகைக் கரைக்கும் சைலீனிலும் பூச்சு உரிந்துவிடலாம். காந்தம் ஒட்டினால் மட்டமான ஸ்டீல் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். சர்ஜிக்கல் கருவிகளுக்கான 420 வகை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும். கடையிலேயே லேசாக அழுத்தி வெளிச்சத்தில் பாருங்கள்: நுனிகள் நேராகச் சேர வேண்டும், இன்னும் அழுத்தினால் விலகக்கூடாது.

பிளேடில் மிச்சம் பிடிக்கக்கூடாது. 4-ஆம் எண் கைப்பிடி, 22-ஆம் எண் பிளேடு, இரண்டும் சர்ஜிக்கல் கடையில்தான். பேப்பர் கட்டர் பிளேடு வளையும். கர்ப்பப்பையை 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் சீராக நறுக்க வராது.

வெட்டும் பலகைக்குச் சமையலறை வெள்ளை பிளாஸ்டிக் பலகை போதும், மரம் ஊறும். மெழுகு சுரண்ட, பெயிண்டர் பட்டி பார்க்கும் தகட்டில் பிளாஸ்டிக்கால் செய்தது நல்லது. இரும்புத் தகடு, மெழுகை உறைய வைக்கும் குளிர்தட்டைக் (கோல்டு பிளேட்) கீறிவிடும்.

அப்புறம் பிரஷ். பிளாக்கைச் சீவும்போது நாடா போல வரும் ரிப்பனை எடுக்க ஸ்டேஷனரி கடை நைலான் வாட்டர்கலர் பிரஷ், 0 அல்லது 1 எண், தாராளமாகப் போதும். கீரி முடி பிரஷை யார் காட்டினாலும் வாங்காதீர்கள், அது சட்டவிரோதம். நைலான் முடி விரிந்ததும் மாற்றிவிட வேண்டும். 4 மைக்ரான் ரிப்பன் அதில் பட்டாலே கிழியும்.