பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை: மொத்தமாக வாங்குவதா, மாத உத்தரவா, உரிமையியல் தீர்ப்பாணையா?

கணவனும் மனைவியும் பிரியும்போது பிள்ளைகளைத் தன்னுடன் வைத்து வளர்ப்பவருக்கு, தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை, நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. பரஸ்பர சம்மத விவாகரத்தில் பிள்ளைகளுக்கென ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது ஒன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ், அதாவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின் கீழ், மாதாந்திர உத்தரவு பெறுவது இன்னொன்று. விவாகரத்து வழக்கிலேயே இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி பிள்ளைகளின் பராமரிப்பையும் கல்விச் செலவையும் சேர்த்து உரிமையியல் தீர்ப்பாணையாகப் பெறுவது மூன்றாவது. மொத்தத் தொகை எனக்கும் பேசப்பட்டது. நான் அதை ஏற்கவில்லை. முதலில் 125இன் கீழ் இடைக்கால உத்தரவும், பிறகு 26ஆம் பிரிவின்படி தீர்ப்பாணையும் பெற்றேன். எனவே இரண்டாம், மூன்றாம் வழிகளை அனுபவத்திலிருந்தும், முதல் வழியைப் பேச்சுவார்த்தை மேசை வரை சென்ற அளவிலும் எழுதுகிறேன். என் சாய்வு மூன்றாவது வழியின் பக்கம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தொகையைக் கணக்கிடும் முறையில் இம்மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வருமானத்தில் இத்தனை சதவீதம் ஒரு பிள்ளைக்கு என்று வகுத்துரைக்கும் பட்டியல் எதுவும் நம் சட்டத்தில் கிடையாது. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான அளவு என்று சொன்னதைப் பலர் சூத்திரமாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். அது மனைவியின் ஜீவனாம்சத்தைப் பற்றியது, பிள்ளைகளுக்கான அளவுகோல் அல்ல. பிள்ளைகளைப் பொறுத்தவரை 2020 நவம்பர் 4 அன்று வழங்கப்பட்ட ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பே இன்று வழிகாட்டி. இரு தரப்பும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பராமரிப்புத் தொகை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி ஆகியவை அதில் அடங்கும். தாயும் போதிய அளவு சம்பாதித்தால் செலவை இருவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்பவை அத்தீர்ப்பின் முக்கியக் கூறுகள். ஆகவே பள்ளிக் கட்டண ரசீது, வாகனக் கட்டணம், மருந்துச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை மாதவாரியாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு எந்த வழியிலும் தொகை ஓரளவு நியாயமாகவே அமையும்.

வழிகளைப் பிரித்துக் காட்டுவது தொகை அல்ல. கொடுக்க வேண்டியவர் கொடுப்பதை நிறுத்திய பிறகு நிலுவையை எப்படி, யாரிடமிருந்து, எத்தனை ஆண்டுகளுக்குள் வசூலிக்க முடியும் என்பதே தீர்மானமான கேள்வி. உத்தரவு வாங்கும் வரை வழக்கறிஞர்களும் உறவினர்களும் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். வசூலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

மொத்தத் தொகைக்கு உள்ள பெரிய நன்மை, நிலுவை என்ற பேச்சே எழாது என்பது. இரண்டாம் முறை நீதிமன்றத்தில் முன்னிலையாகி ஒப்புதல் சொல்வதற்குள் முழுத் தொகையும் வரைவோலையாகக் கைக்கு வந்துவிட்டால், பிறகு எவர் பின்னாலும் அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போகவிருப்பவர், வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் தொழில் செய்பவர் போன்றோரிடம் இதுவே பாதுகாப்பு என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்று கணக்கிடப்படும் தொகை, அந்தப் பிள்ளை மேல்நிலை வகுப்பை முடிக்கும் ஆண்டின் கட்டணத்தைத் தாங்குமா என்பதை எவராலும் சொல்ல முடியாது. பிள்ளையின் உரிமையைத் தாய் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்பதே சட்டத்தின் நிலை. பின்னர் தேவை ஏற்பட்டால் பிள்ளையின் பெயரில் மீண்டும் கோரலாம். ஆனால் அதற்குப் புதிதாக ஒரு வழக்கைத் தொடங்க வேண்டும், "எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று" என்ற வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். இந்த வழியை ஏற்பவர்கள், பிள்ளையின் பங்கைத் தாயின் ஜீவனாம்சத்தோடு கலக்காமல் தனியே எழுதி வாங்கி, பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டி மட்டும் வளர்ப்புச் செலவுக்கு வரும்படி நிபந்தனை எழுதச் செய்வது நல்லது.

144ஆம் பிரிவின் வழி எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. பெற்றோருக்கிடையே திருமணம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடப் பிள்ளைகளுக்கு இல்லை. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாட்களுக்குள் இடைக்கால மனுவை இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாய்தாக்கள் அதை நீட்டினாலும், பணம் முதலில் வரத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனக்கும் அப்படியே நடந்தது. விவாகரத்து வழக்கு இன்னும் தொடங்காதவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

இதன் பலவீனம் வசூலில் வெளிப்படுகிறது. தொகை தவறினால் அபராதத்தை வசூலிப்பது போல வசூலிக்கப் பிடியாணை பிறப்பிக்கலாம். அப்போதும் கட்டாவிட்டால், தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. கேட்பதற்கு வலுவாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால் அந்த மாதத்துக்குப் பிடியாணை கேட்க முடியாது. ஆகவே நிலுவை சேரச் சேர மனுக்களும் சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று, பிடியாணையை நிறைவேற்றுவது காவல் துறையின் கையில் இருக்கிறது. கொடுக்க வேண்டியவர் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருந்தால், "முகவரியில் ஆள் இல்லை" என்ற அறிக்கையுடன் அது திரும்பி வருவதைத் தடுக்க மனுதாரரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பிள்ளையின் தந்தை சிறைக்குப் போவதை விரும்பாத தாய்மார்களும் பலர் உண்டு. நானும் அதை விரும்பவில்லை. வேலையை இழந்த மனிதரிடமிருந்து அடுத்த மாதத் தொகை எப்படி வரும்?

26ஆம் பிரிவின் தீர்ப்பாணையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முழுக் காரணம் சம்பள ஜப்தி. இந்துத் திருமணச் சட்டத்தின் 28-ஏ பிரிவின்படி இத்தகைய உத்தரவுகளை மற்ற உரிமையியல் தீர்ப்பாணைகளைப் போலவே நிறைவேற்றலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையில், அரசு ஊழியருக்கு 48ஆம் விதியும் தனியார் ஊழியருக்கு 48-ஏ விதியும், சம்பளம் வழங்கும் அலுவலருக்கே நேரடியாக நீதிமன்றம் உத்தரவிட இடமளிக்கின்றன. அரசு ஊழியரைப் பொறுத்தவரை, அந்த அலுவலகம் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே வேறு மாநிலத்தில் இருந்தாலும் இது செல்லும். தனியார் ஊழியருக்கோ, சம்பளம் வழங்கும் அலுவலர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். உத்தரவை மீறி முழுச் சம்பளத்தையும் ஊழியரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பாகிவிடும் என்பதால், உத்தரவு கைக்கு வந்தபின் நிறுவனங்கள் அதை அலட்சியப்படுத்துவதில்லை.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதிலும் பராமரிப்புத் தீர்ப்பாணைக்குத் தனி இடம் உண்டு. சாதாரணக் கடனுக்கான தீர்ப்பாணையில் சம்பளத்தின் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கடனாளிக்கே விடப்படும். 24 மாதங்கள் பிடித்தபின் அதே தீர்ப்பாணைக்காக மேலும் பிடிக்க முடியாது. பராமரிப்புத் தீர்ப்பாணையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. 24 மாத வரம்பும் அதற்கு இல்லை. பிள்ளை வளரும் ஆண்டுகள் அந்த வரம்பைவிட மிக நீளமானவை என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். காலவரம்பிலும் வேறுபாடு பெரிது. காலவரையறைச் சட்டத்தின் 136ஆம் உறுப்பின்படி, ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் வரை நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பாணைப்படி வசூலித்துத் தரக் கோரும் மனு, போடலாம். ஓராண்டு எங்கே, 12 ஆண்டுகள் எங்கே? தாய் நோயுற்ற ஓராண்டிலோ வேலை மாறிய ஓராண்டிலோ மனுப் போடாமல் விட்டதற்காகப் பிள்ளையின் பணம் கைநழுவிப் போவதில்லை.

144இன் கீழ் பெற்ற உத்தரவையும் உரிமையியல் தீர்ப்பாணை போல நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்லியிருப்பது உண்மை. அந்த வழியில் சம்பள ஜப்தி வரை நான் சென்றதில்லை என்பதால், அது எத்தனை சுலபம் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். இரு வழிகளிலும் உத்தரவு இருந்தால் ஒன்றில் பெற்ற தொகை மற்றதில் கழிக்கப்படும் என்பதையும், முந்தைய உத்தரவைப் பிந்தைய வழக்கில் மறைக்கக்கூடாது என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்துகிறது.

26ஆம் பிரிவின் வழிக்கும் குறைகள் உண்டு. விவாகரத்து வழக்கோ அதையொத்த வேறொரு திருமண வழக்கோ இல்லாமல் 26ஆம் பிரிவு இல்லை. அது 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே. மணமாகாத மகள் தன் வருமானத்தில் வாழ இயலாதவளாக இருந்தால், 18 வயதுக்குப் பிறகும் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மகனின் கல்லூரிச் செலவுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. மொத்தத் தொகை பேசும் மேசையில் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்து எழுதி வாங்க முடியும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு, சம்பளம் இல்லாத இடத்தில் சம்பள ஜப்தி இல்லை. கடை வைத்திருப்பவர், ஒப்பந்த வேலை செய்பவர் ஆகியோரிடம் வீட்டையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்ய வேண்டியிருக்கும். அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அத்தகையவரிடம் சொத்தின் மீதே பொறுப்பு ஏற்றி, அதாவது தொகை தவறினால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும்படி, தீர்ப்பாணையில் கேட்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரிடமிருந்து தொகை வர வேண்டியிருந்தால், 26ஆம் பிரிவு மனுவிலேயே சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். அவருடைய நிறுவனத்தின் பெயர், ஊழியர் எண், சம்பளம் வழங்கும் அலுவலகத்தின் முகவரி ஆகியவை பிரமாணப் பத்திரத்தில் பதிவாக வேண்டும். வேலை மாறினால் புதிய விவரத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டளையும் வேண்டும். தொகை நேரே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தேன் என்ற வாதத்துக்கு அப்போது இடமிராது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட சதவீத உயர்வைத் தீர்ப்பாணையிலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் தொகையை மாற்றக் கோரிப் புது மனுவுடன் குடும்ப நல நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.