ஆல்ட்டோ, 800 எம்பிஎஃப்ஐ: பெட்ரோல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவது, நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்த மாருதி 800, அதே ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த ஆல்ட்டோ, இவை இரண்டும் இன்னும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். பெட்ரோல் ஃபில்டர் டேங்குக்குள் இல்லாமல், வண்டிக்கு அடியில் டேங்க் பக்கமாக, கைக்கு அடக்கமான உலோக டப்பாவாகத் தனியே இருக்கும். கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். லட்சம் கி.மீ. தாண்டிய இந்த வண்டிகளில் திரும்பத் திரும்ப இந்த வேலையைச் செய்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. எந்த பிராண்ட் ஃபில்டர் என்பதைவிட, பிரஷரை எப்படி இறக்கினோம், எந்த ஹோஸ், எந்தக் கிளிப் போட்டோம் என்பதே அடுத்த மூன்று நான்கு வருடத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வது. ஃபில்டர் அடைப்பு ஐடிலில் தெரியாது; அப்போது இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு. நான்கு பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் வண்டி திணறும். சமவெளியில் 60-ல் சொகுசாகப் போகும், 80-க்கு மேல் இழுக்காது. காலை முதல் ஸ்டார்ட்டுக்கு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். பின் சீட் பக்கமிருந்து பம்ப் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும். இதை நாள்கணக்கில் தள்ளிப்போட்டால் சூடாகித் தேய்வது பம்ப். சில நூறு ரூபாய் ஃபில்டருக்காகச் சில ஆயிரம் ரூபாய் பம்ப் போகும்.

இனி முக்கியமான இடம். டயருக்கு 30 பிஎஸ்ஐ அடிக்கிறோம். இந்த வண்டிகளில், இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது பெட்ரோல் லைனில் இருப்பது 38 முதல் 44 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு 2.7 முதல் 3.1 கிலோ. சாவியை எடுத்துவிட்டால் இது இறங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. அடுத்த ஸ்டார்ட் சட்டென்று ஆக வேண்டும் என்பதற்காகவே பம்பில் உள்ள, பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் ஹோஸைத் தளர்த்தினாலும் முகத்தில் பீய்ச்சலாம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

இறக்கும் முறை இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான வண்டியில் பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், முன் சக்கரங்களுக்குக் கட்டை. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே தேங்கிய ஆவியை விட்டு, திரும்ப மூடுங்கள். பிறகு ஃபியூவல் பம்ப் ரிலேயை, அதாவது பம்புக்குக் கரன்ட் கொடுக்கும் மின் சுவிட்சை, கழற்ற வேண்டும். எது என்று கையேட்டில் பார்த்தாலும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது: சாவியை ஆன் போட்டதும் பின்பக்கம் இரண்டு மூன்று விநாடி 'ஙீ...' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். சாவியை ஆஃப் செய்து, சரியான ரிலேயை எடுத்துவிட்டு மறுபடி ஆன் போட்டால் அந்தச் சத்தம் வராது. இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதுவாக நிற்கும்வரை விடுங்கள். நின்றபின் மூன்று விநாடி வீதம் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகே பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். முதலிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டால் பிரஷர் அப்படியே உள்ளே நிற்கும்; பலரும் தவறுவது இந்த வரிசையில்தான்.

பிரஷர் இறங்கினாலும் பெட்ரோல் உள்ளே இருக்கிறது. ஃபில்டர், ஹோஸ் இரண்டிலுமாக ஒரு டம்ளர் அளவு கொட்டும். டேங்க் நிறைய இருந்தால் அது இழுத்துக்கொண்டு தொடர்ந்து வழியவும் கூடும். அதனால் 35 லிட்டர் ஆல்ட்டோ டேங்கில் கால் பங்குக்குக் கீழே இருக்கும் நாளில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங், பள்ளம் வெட்டிய ஷெட், மோட்டார் ரூம் பக்கம், இங்கெல்லாம் இந்த வேலை கூடவே கூடாது. திறந்த வாசல்தான் சரியான இடம். குண்டு பல்பு விளக்கு வேண்டாம், அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தால் வெடித்துவிடும். எல்இடி டார்ச் போதும். பருத்தி உடை, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, உலோகத் தட்டு, எட்டும் தூரத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம்.

ஃபில்டர் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். தயாரான ஆண்டைப் பொறுத்து இணைப்பு மாறும்: ரப்பர் ஹோஸும் கிளிப்பும், இரும்பு பைப்பை வாஷரோடு இறுக்கும் யூனியன் போல்ட், அல்லது அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் குவிக் கனெக்டர். கடையில் '800 ஃபில்டர்' என்று மட்டும் கேட்டால் கார்புரேட்டர் காலத்து கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஃபில்டரை எடுத்துக் கொடுக்கும் ஆபத்து உண்டு. கார்புரேட்டர் லைனில் பிரஷர் இதில் பத்தில் ஒரு பங்குதான். அந்த பிளாஸ்டிக்கை எம்பிஎஃப்ஐ லைனில் மாட்டினால் விரிசல் விட்டு, சூடான சைலன்சர் பைப் பக்கம் பெட்ரோல் தெளிக்கும். ஹோஸிலும் இதே கதைதான். 'பெட்ரோல் டியூப்' என்று மீட்டர் கணக்கில் விற்பது பெரும்பாலும் டூவீலருக்கும் கார்புரேட்டருக்கும் ஆனது. மேலே எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் ஹோஸைக் கேட்டு, பழைய துண்டோடு உள்விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். கிளிப்பும் அப்படியே: பட்டையில் பல் வெட்டிய சாதாரணக் கிளிப் ரப்பரைக் கடித்து அறுக்கும், ஓரம் மடித்த, பட்டை வழவழப்பான ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் கிளிப் அப்படிச் செய்யாது. மாட்டிய அன்று இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆறு மாதம் கழித்து பெட்ரோல் வாடை வருவது முதல் வகையில்தான்.

கழற்றும் முன் இணைப்பைச் சுற்றி பிரஷ் போட்டு மண்ணைத் துடைத்துவிடுங்கள். ஃபில்டரின் அவுட் பக்கம் ஒரு துகள் மண் போனாலும் அதைத் தடுக்க இன்ஜெக்டர் வாயிலுள்ள சிறு வலையைத் தவிர வழியில் வேறு வடிகட்டி கிடையாது, நேரே இன்ஜெக்டர்தான். இணைப்பைத் துணியால் மூடிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். முதலில் கையால் சுற்றித் திருப்புங்கள், வராவிட்டால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். யூனியன் போல்ட் வகையில் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ஃபில்டரைப் பிடிக்க, ஒன்று போல்ட்டைத் திருப்ப. இல்லையென்றால் இரும்பு பைப் முறுக்கிக்கொள்ளும். இருபக்க வாஷரும் புதிதாகவே போட வேண்டும், நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை அடைக்காது.

புது ஃபில்டரின் அம்புக்குறி டேங்கிலிருந்து இன்ஜின் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் வண்டி ஓடும், அதனால் தவறு தெரியாமலே போய்விடும். ஆனால் மடிப்புக் காகிதம் எதிர்ப்பக்க அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் அல்லது கிழியும். ஹோஸ் பைப்பின் மேல் 20 முதல் 30 மி.மீ. வரை ஏற வேண்டும். கிளிப் ஹோஸ் முனையிலிருந்து 3 முதல் 7 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். குவிக் கனெக்டர் 'க்ளிக்' சொன்னபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரிலே, பேட்டரியைப் பொருத்திவிட்டு, சாவியை மூன்று விநாடி ஆன், பிறகு ஆஃப் என்று மூன்று நான்கு முறை செய்யுங்கள். லைன் நிறைந்து பிரஷர் ஏறும். இப்போது வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒருமுறை, பத்து கி.மீ. ஓட்டி வந்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ரிலே சரியாக அமரவில்லை, அல்லது ஃபியூஸ். புது ஃபில்டர் போட்டும் ஏற்றத்தில் திணறினால் டேங்குக்குள் பம்பின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். ஃபில்டர் அதற்கு மருந்தல்ல.

நீண்ட ஓட்டத்தில் தெரிந்தவை. மைலேஜ் கூடும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஈடுகட்டிவிடுகிறது. திரும்பக் கிடைப்பது முழு மிதியில் இழுவையும் சுலபமான காலை ஸ்டார்ட்டும். 30,000 முதல் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது இந்த வண்டிகளுக்கு நியாயமான கணக்கு. கேஸ் கிட் போட்ட வண்டியில் கி.மீ. பார்க்கக் கூடாது, பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கிப் பிசின் கட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் இரண்டு விஷயம்: பழைய டேங்கின் அடிப்படிவைக் கரைத்துக் கிளப்பி, முதல் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கலாம், இ20-க்கென்று (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், விரிசல் விடும். ஆகவே இந்தப் பழைய வண்டிகளில் ஃபில்டரோடு ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டியில் ஃபில்டர் உள்ளே அடைப்பதற்கு முன் வெளியே துருப்பிடிக்கிறது, அதுவும் பிராக்கெட் உரசும் வளையத்தில்தான் முதலில். அங்கே ரப்பர் பட்டை இல்லாமல் மாட்ட வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

கழற்றிய ஃபில்டரை உடனே தூக்கிப் போடாமல், இன் பக்கமாகக் கவிழ்த்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். கறுப்பாக வந்தால் வழக்கமான அழுக்கு. செம்பழுப்புத் துகள் என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. அடியில் தனியாகக் கோடு பிரிந்து நின்றால் தண்ணீர். டேங்க் மூடி ரப்பரையோ பெட்ரோல் போடும் பங்க்கையோ மாற்ற வேண்டும். பார்த்து முடித்ததும் அந்தப் பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள உலோக டப்பாவில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். காலி ஃபில்டரை ஒருநாள் வெட்டவெளியில் உலரவிட்டு, பிறகு பழைய இரும்புக்குப் போடலாம். புது ஃபில்டரின் மேல் மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.