ஆர்மோனியக்காரன் பார்த்த புச்சீனி வீடு

ஓபரா என்கிற இத்தாலிய இசை நாடகத்துக்கு நான் ரசிகன் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆர்மோனியம் பழுது பார்த்தவன். நடுநடுவே பள்ளிக்கூடப் பியானோக்களும் மாதா கோயில் ஆர்கன்களும் கைக்கு வந்ததுண்டு. இத்தாலியில் பைசா நகரத்தில் ஆராய்ச்சி செய்யும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். சாய்ந்த கோபுரத்தைக் கீழே நின்றபடியே பார்த்து முடித்துவிட்டு, "வேறு என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டதற்கு அவள் அழைத்துப் போன இடம் டோர்ரே டெல் லாகோ. ஓபராக்களுக்கு இசை எழுதிய ஜாக்கோமோ புச்சீனி வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது.

பைசாவிலிருந்து கடலோர ரயிலில் கால் மணி நேரம்தான். போகும் வழியில் மகள் ஒரு கதை சொன்னாள். 1876இல், பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது, வெர்டி என்ற இசையமைப்பாளரின் 'ஐடா' ஓபராவைக் கேட்பதற்காகப் புச்சீனி தன் சொந்த ஊரான லூக்காவிலிருந்து பைசாவுக்கு நடந்தே வந்தாராம். நடுவில் குன்று வேறு. அந்த இரவில்தான் ஓபரா எழுதுவது என்று முடிவு செய்தாராம். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு கதை. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக லூக்கா பேராலயத்தில் ஆர்கன் வாசித்தது. இவரோ சிறு வயதில் ஆர்கன் குழாய்களைக் கழற்றி விற்றுப் புகையிலை வாங்கினார் என்று சொல்வார்கள். இல்லாத சுரங்கள் வெளியே தெரியாதபடி வாசிப்பையே மாற்றிக்கொண்டாராம். ஆர்மோனியத்தில் சுரம் எழுப்பும் உலோக நாக்கு இரண்டு ஒடிந்து போனாலும் கச்சேரியை ஒப்பேற்றிவிடும் வித்வான்களை நான் பார்த்திருக்கிறேன். நாக்கைக் கழற்றி விற்றவரைப் பார்த்ததில்லை.

நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு நேரான சாலை. நடக்கலாம், ஆனால் வெயில் நேரத்தில் வேண்டாம். சாலை முடிகிற இடத்தில் மஸ்ஸாச்சியூக்கோலி ஏரி. ஆழமில்லாத, கரையெல்லாம் நாணல் மண்டிய ஏரி. தண்ணீரைப் பார்த்தபடி வெண்கலத்தில் புச்சீனி நிற்கிறார், தொப்பியும் மேல்கோட்டுமாக. அவருக்குப் பின்னால்தான் வீடு. 'மாளிகை' என்று எழுதியிருப்பதை நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நம் ஊரில் ஓரளவு வசதியான வக்கீல் ஒருவர் கட்டிக்கொள்ளும் அளவுதான். பழைய காவல் கோபுரம் ஒன்று இருந்த இடத்தில் கட்டிய வீடு, 1900இல் குடிவந்தார். ஊரின் பெயருக்கே 'ஏரிக் கோபுரம்' என்றுதான் பொருள்.

டிக்கெட் சாய்ந்த கோபுரத்தில் ஏறுவதற்குக் கேட்பதைவிடக் குறைவு. சிறு சிறு குழுவாக உள்ளே விடுகிறார்கள். படம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு வருத்தம், எனக்கு நிம்மதி. எல்லோரும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டால் ஓர் அறை எவ்வளவு அமைதியாகிவிடுகிறது!

உள்ளே நுழைந்ததும் அவர் வேலை செய்த அறை. இதற்காக மட்டுமே இங்கே வரலாம். சுவரோரமாக ஒரு ஃபெர்ஸ்டர் பியானோ, நிமிர்ந்து நிற்கும் வகை. கச்சேரி மேடைக்குரிய பெரிய இறக்கைப் பியானோவை எதிர்பார்த்து வந்த ஒருவர் பின்னால் முணுமுணுத்தார். எனக்கு அப்படி இல்லை. இது பட்டறை, இது பட்டறைக் கருவி. பக்கத்திலேயே எழுதும் மேசை. இடது கையில் சுரத்தைத் தொட்டுப் பார்த்து வலது கையில் எழுதிவிடலாம், எழுந்திருக்க வேண்டியதில்லை. நானும் என் சுருதிப் பெட்டியையும் உளியையும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

அவர் எழுதியது பெரும்பாலும் இரவில். வீட்டில் உறங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று இந்தப் பியானோவின் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டார் என்றார் வழிகாட்டிப் பெண். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே தடித்த கம்பளித் துணி இறங்கினால் போதும், நாதம் முணுமுணுப்பாகச் சுருங்கிவிடும். அத்தனை பெரிய அரங்குகளை நிறைக்கிற இசையை அந்த மனிதர் முதலில் கேட்டது இப்படி, துணி போர்த்திய குரலில். நான் என்னை அறியாமல் கொஞ்சம் குனிந்து மூடிக்கு அடியில் பார்க்கப் போனேன். வழிகாட்டிப் பெண் இருமினார். நிமிர்ந்துகொண்டேன்.

அவருடைய 'லா போயெம்' ஓபரா இந்த ஊரில்தான் உருவானது, ஆனால் இந்த வீடு கட்டுவதற்கு முன்பே. இந்தச் சுவர்களுக்குள் எழுதியதில் பெரிது 'மடாமா பட்டர்ஃபிளை'. 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதல்முறை மேடையேறியபோது சனங்கள் கூச்சல் போட்டுக் கவிழ்த்துவிட்டார்கள். மனிதர் ஒரே இரவில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், நீளமான பகுதியை வெட்டினார், திருத்தினார், மே மாத முடிவில் பிரெஷியா நகரில் மறுபடி மேடையேற்றினார். வெற்றி. சரக்குத் திரும்பி வந்தால் வாடிக்கையாளரைத் திட்டாமல் பெட்டியைத் திறந்து பார்க்கிற தொழிலாளி, எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் மரியாதை வந்தது.

அடுத்து துப்பாக்கிகள் இருக்கும் அறை. வேட்டைப் பைத்தியம் அவருக்கு. ஏரியில் சுட்டது பெரும்பாலும் நாமக்கோழிகளையும் வாத்துகளையும். அந்த அறையில் எனக்கு வேலை இல்லை, சீக்கிரம் கடந்துவிட்டேன்.

பிறகு அந்தச் சிறு கோயிலறை. 1924 நவம்பர் 29 அன்று தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கப்போன பிரஸ்ஸல்ஸில் இறந்தார். முதலில் மிலானில் இசைக்குழு நடத்துநர் தோஸ்கனீனி குடும்பத்தின் கல்லறையில் வைத்திருந்து, 1926இல் இங்கே கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள்ளேயே, ஓர் அறையைப் பிரார்த்தனைக் கூடமாக மாற்றி. மனைவி எல்வீராவும் மகன் அந்தோனியோவும் பின்னாளில் அங்கேயே சேர்ந்தார்கள். பியானோவுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். நம் வீடுகளில் பிணத்தை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுகிறோம். எனக்கு முதலில் உடம்பு கூசியது. சற்று நேரத்தில் அது போய்விட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் டோரியா மான்ஃப்ரெடி என்ற பெயரையும் தெரிந்துகொண்டு வரவேண்டும். 1903இல் புச்சீனி கார் விபத்தில் காலை முறித்துக்கொண்டு கிடந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பெண். எல்வீரா அவள்மேல் சந்தேகப்பட்டு, ஊரறிய ஏசினார். 1909 ஜனவரியில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் அவள் கன்னி என்று தெரிந்தது. வழக்கு நடந்து எல்வீராவுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள், புச்சீனி பெண்ணின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து முடித்தார். எஜமானனின் மகனுக்காக உயிரை விடும் லியூ என்ற அடிமைப் பெண்ணை 'துரந்தோத்' ஓபராவில் அவர் படைத்ததற்கு டோரியாவின் நினைவே காரணம் என்கிறார்கள் பலர். இருக்கலாம். எனக்கோ அந்த நடைவழியில் நின்றபோது தோன்றியது ஒன்றுதான்: தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண்ணும் இதே தரையில்தான் நடந்திருப்பாள்.

எனக்குத் தெரிந்த ஒரே ஓபராப் பாட்டு, 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஓபராப் பாடகர் பவரொட்டி பாடித் தொலைக்காட்சியில் ஒலித்தது. அதுவும் 'துரந்தோத்'தான். ஆனால் அதன் பெரும்பகுதியை அவர் எழுதியது இங்கே அல்ல, பக்கத்துக் கடலோர ஊரான வியாரெஜியோவில். ஏரிச் சதுப்பில் கரிமண் வெட்டும் ஆலை வந்து, சத்தமும் வாடையும் பொறுக்காமல் 1921இல் வீட்டை விட்டே போய்விட்டார். அந்தப் பாட்டு பிறந்த பியானோவைப் பார்க்க வேண்டுமானால் லூக்காவில் அவர் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டும். அந்த ஸ்டைன்வே பியானோ அங்கேதான் இருக்கிறது. மறுநாள் போனோம். அது ஒழுங்காக அடுக்கிவைத்த நல்ல காட்சியகம். இது ஆள் வாழ்ந்த வீடு. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஏரிக்கரைக்கே வாருங்கள்.

வெளியே வந்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு, இது இத்தாலியில் வழக்கம்தானாம். மகள் இதை முன்பே சொல்லியிருக்கலாம். கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நாணல் ஓரமாக நான்கு நாமக்கோழிகள், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, யாருக்கும் பயப்படாமல் நீந்திக்கொண்டிருந்தன. கோடையில் இங்கே திறந்தவெளி அரங்கில் அவருடைய ஓபராக்களையே ஏரிக்கரையில் நடத்துகிறார்கள், 1930இல் தொடங்கிய விழா. அதற்கு இரவில் வருகிறவர்கள் கொசுவுக்கு எதையாவது பூசிக்கொண்டு வாருங்கள். எங்களை ஆறு மணிக்கே பிடித்துக்கொண்டது.