"கெமிக்கலே இல்லாத" குழந்தை சன்ஸ்கிரீன் வாங்கி ஏமாந்த கதை

போன மே மாதம் பாப்பாவை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். நாலு வயசு. திறந்தவெளிக் குளம், காலை பத்து மணி பேட்ச். சென்னையில் மே மாதப் பத்து மணி வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். "நம்ம கலருக்கு வெயில் என்னம்மா பண்ணும், நாங்கல்லாம் வெயில்லயே வளர்ந்தவங்கதானே" என்றார் அத்தை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ராத்திரி போனை நோண்டிக்கொண்டிருந்தபோது இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பிறந்த குழந்தைக்கே போடலாம், நூறு சதவீதம் கெமிக்கல் ஃப்ரீ, எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற எண்) 50, வீட்டுத் தயாரிப்பு. கேரட் விதை எண்ணெய், ராஸ்பெர்ரி விதை எண்ணெய், கற்றாழை. 50 மில்லி 549 ரூபாய், கூரியர் 60. மெசேஜ் போட்ட அடுத்த நிமிஷம் பதில்: "ஹாய் சிஸ், என் பையனுக்கும் இதேதான் சிஸ்." ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன். பில்லா? கேட்கவே தோன்றவில்லை.

வந்த ட்யூபில் இருந்தது தண்ணீர் மாதிரி ஒரு ஜெல். தேய்த்தால் தடமே தெரியாது. பட்டாணி அளவு போதும் என்றார்கள், அப்படியே போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குளிப்பாட்டும்போது தோளில் தண்ணீர் பட்டதும் வீல் என்று கத்தினாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவு லேசாகக் கண்ணுக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தொட்டுப் பார்த்தால் தோள் மட்டும் காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி கொதிக்கிறது. அத்தை தயிரோடு ஓடி வந்தார். தடுத்துவிட்டு ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்தேன். இரண்டு நாளில் வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. நீச்சல் உடையின் பட்டை இருந்த இடம் மட்டும் தப்பித்து, முதுகில் ஒரு பெருக்கல் குறி.

தோல் டாக்டர் ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உற்பத்தி உரிம எண் எங்க? பேட்ச் நம்பர்? எக்ஸ்பயரி?" ஒன்றும் இல்லை. வீட்டில் செய்தாலும் சரி, அழகுசாதனப் பொருளை விற்பனைக்குத் தயாரிக்க லைசென்ஸ் வேண்டுமாம். நீச்சல் பையிலேயே கிடந்து ஈரமாகியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அடியில் இன்னொரு லேபிள்: ஆலோவேரா ஜெல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் பத்து நிமிஷம் பாடம் எடுத்தார். குழந்தைகளுக்கு சிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு உள்ள க்ரீம்தான் அவர் முதலில் சொல்வது. அவையும் கெமிக்கல்தானே! அவை பெரும்பாலும் வெள்ளையாகத்தான் பூசும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விதை எண்ணெய்களை நம்பி எஸ்பிஎஃப் 50 என்று போடுவது சும்மா கதை. எஸ்பிஎஃப் 30 புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. அதனால் எண்ணைத் துரத்தாமல் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' (புறஊதா ஏ, பி இரண்டு கதிரையும் தடுப்பது) என்று இருக்கிறதா பாருங்கள் என்றார். பட்டாணி அளவெல்லாம் மூக்குக்குத்தான் காணும். தாராளமாகப் பூச வேண்டும், தண்ணீரில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளத்திலிருந்து ஏறியதும் மறுபடியும். ஸ்ப்ரே வேண்டாம், மூச்சில் போய்விடும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு க்ரீமே வேண்டாம், நிழலும் துணியும் போதும். அப்படியானால் 'பிறந்த குழந்தை முதல்' என்ற அந்த ஒரு வரியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு போட்டோவோடு மெசேஜ் போட்டேன். "உங்க பாப்பாவுக்கு சென்சிடிவ் ஸ்கின் சிஸ்" என்று ஒரு பதில், அதோடு பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ட்யூபின் படத்தோடு எழுதியாயிற்று. இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

பாப்பா இப்போது காலை ஆறரை பேட்ச். முழுக்கை நீச்சல் சட்டை, முகத்துக்கும் கழுத்துக்கும் மருந்துக்கடையில் பில்லோடு வாங்கிய க்ரீம். பூசினால் பேய் மாதிரி இருக்கிறாள், அதில் அவளுக்குத் தனிக் குஷி.

நேற்று என் தங்கை ஒரு விளம்பரத்தை அனுப்பி "இது நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள். பக்கத்தின் பெயர் வேறு. அதே மஞ்சள் மூடி ட்யூப், அதே 'என் பையனுக்கும் இதேதான்'. விலை மட்டும் 599.